எழுத்து முடித்தவர் கலியாணம் முடித்தவரா?

கலியாண எழுத்து முடித்த ஒருவர் கலியாணமானவரா இல்லையா என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் ஒரு விடையும் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் வேறொரு விடையும் உண்டு. பதிவாளர் வந்து எழுதி, இரு வீட்டாரும் பலகாரம் சாப்பிட்டுக் கலைந்து போகிற அந்த நாள் எங்களுக்கு ஒரு முன்னேற்பாடுதான். தாலி ஏறுகிற முகூர்த்தம் வரும்வரை பெண் தன் வீட்டிலும் மாப்பிள்ளை தன் வீட்டிலும் இருப்பார்கள். அயலவர் யாரும் அவர்களைக் குடும்பம் என்று கணக்கில் எடுப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் இளைஞர் கொழும்பில் வீசா நேர்முகத்துக்குப் போய்த் திரும்பி வந்து, மறுப்புக் கடிதத்தை என் முன்னால் மேசையில் விரித்து வைக்கும்வரை, இந்த வேறுபாட்டினால் ஒரு குடும்பத்தின் திசையே மாறிவிடும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவருக்கு எழுத்து நடந்தது 2014 ஜூலையில். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற ஆண்டுதோறும் குலுக்கல் மூலம் வீசா வழங்கும் கிரீன் கார்ட் லொத்தருக்கு விண்ணப்பம் போட்டது அதே ஆண்டு ஒக்டோபரில். தாலி கட்டியது 2015 பெப்ரவரியில். அந்த மே மாதம் அவருக்கு விழுந்தது. விண்ணப்பத்தில் ‘மணமாகாதவர்’ என்று இருந்தது. நேர்முகத்துக்குக் கொண்டுபோன விவாகப் பதிவுச் சான்றிதழிலோ விண்ணப்பத்துக்கு மூன்று மாதங்கள் முந்திய திகதி இருந்தது. விண்ணப்பித்த நாளில் சட்டப்படி மனைவி இருந்தும் அவர் பெயரைக் காட்டாவிட்டால் முழு விண்ணப்பமும் தகுதி இழக்கும் என்பது விதி. கணவர், மனைவி இருவருக்கும் வீசா இல்லையென்றாகிவிட்டது. வேண்டுமென்று மறைத்தாரா, விளங்காமல் விட்டாரா என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. இதில் நான் எழுதியே ஆக வேண்டிய ஒன்று உண்டு: அந்தப் பெட்டியில் ‘மணமாகாதவர்’ என்று தெரிவு செய்தவன் நான்தான். “கலியாணம் முடிஞ்சுதோ தம்பி?” என்று கேட்டேன். “இல்லை அண்ணை, தை கழியத்தான்” என்றார். அந்த விடையில் பொய் ஏதும் இல்லை. நான்தான் பிழையான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

வவுனியாவில் என் மைத்துனர் நடத்திய கொமியூனிகேஷன் கடையில், 2010 முதல் ஏறக்குறைய ஒவ்வோர் ஒக்டோபரிலும் மாலை வேளைகளில் நான் இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். பகலில் ஆசிரியத் தொழில், மாலையில் இது. போட்டோக் கொப்பி இயந்திரத்தின் சூட்டில், ஒரு பக்கம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் மறுபக்கம் அடையாள அட்டையும் வைத்துக்கொண்டு, எத்தனையோ பேருடைய பெயர்களை எழுத்தெழுத்தாகத் தட்டியிருக்கிறேன். அவர்களுள் பெரும்பாலானோருக்கு விழவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, லொத்தர் என்றால் அப்படித்தான். விழுந்த பிறகு தகுதி விதியில் இடறியவர்கள்தான் என் நினைவில் நிற்கிறார்கள். லொத்தர் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் அதிர்ஷ்டம் என்று நம்பி, விதிகளை வாசிக்காமல் விடுகிறோம். உண்மையில் குலுக்கலுக்கு முன்னும் பின்னும் விதிகளே நிற்கின்றன. அதிர்ஷ்டத்துக்கு நடுவில் ஒரு சிறிய வேலைதான்.

இந்தத் திட்டம் எங்களை மனத்தில் வைத்து இயற்றப்பட்டதன்று என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் உறவினர் வழி வருவோருக்கு முதலிடம் கொடுத்ததால், அமெரிக்காவில் அண்மைய நெருங்கிய உறவுகள் இல்லாத ஐரிஷ்காரரும் இத்தாலியரும் பின்தள்ளப்பட்டனர். அவர்களுக்காகக் குரல் கொடுத்த அரசியல்வாதிகளின் முயற்சியால் 1980களின் இறுதியில் சில இடைக்கால ஏற்பாடுகள் வந்தன. 1991 ஒக்டோபரில் நடந்த அத்தகைய ஒன்றில், ஒருவர் எத்தனை விண்ணப்பங்களையும் அனுப்பலாம் என்றிருந்ததால், வர்ஜீனியா மாநிலத்தின் மெரிஃபீல்ட் தபால் நிலையம் கடிதங்களால் மூழ்கியது; அந்த ஏற்பாட்டின் வீசாக்களில் நூற்றுக்கு நாற்பது அயர்லாந்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்ற நிரந்தரத் திட்டம் 1995ஆம் நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தபோது, ஐரோப்பியருக்காகத் திறக்கப்பட்ட கதவு வழியாக ஆபிரிக்கரும் ஆசியரும் உள்ளே போகத் தொடங்கினர். சட்டம் இயற்றியவர்கள் எதிர்பார்க்காத விருந்தாளிகள் நாங்கள்.

சட்டத்தில் உள்ள தொகை ஆண்டுக்கு 55,000 வீசாக்கள். மத்திய அமெரிக்க நாட்டவர் சிலருக்கு நிவாரணம் வழங்கிய 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக அதிலிருந்து 5,000 வரை கழிக்கப்பட்டதால், நடைமுறையில் 50,000 என்றே சொல்லிவந்தோம். உலகம் ஆறு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த ஒரு நாட்டவருக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் போகாது. கடந்த ஐந்து ஆண்டுகளில் குடும்ப வழியாகவும் வேலை வழியாகவும் 50,000 பேருக்கு மேல் அனுப்பிய நாடுகளுக்கு இடமே இல்லை. இந்தியா இந்தத் திட்டத்துக்குள் ஒருபோதும் வராததற்குக் காரணம் இதுதான். அங்கிருந்து ஒரே ஆண்டில் அந்த அளவு பேர் போகிற காலமும் உண்டு. பங்களாதேஷ் ஒருகாலம் பட்டியலில் இருந்து, 2013ஆம் நிதியாண்டுக்கான குலுக்கலிலிருந்து வெளியேறியது. நைஜீரியா 2015ஆம் நிதியாண்டுக்கான குலுக்கலிலிருந்து வெளியேறியது. இலங்கை சிறிய நாடாக இருப்பதால் உள்ளே இருக்கிறது. சிறுமையிலும் ஒரு நன்மை என்று என் மைத்துனர் சொல்வார்.

ஆனால் ‘இலங்கையர்’ என்பது இங்கே கடவுச்சீட்டைக் குறிக்கும் சொல்லன்று. பிறந்த மண்ணே கணக்கு. எந்த நாட்டின் பிரஜை, எங்கே வாழ்கிறார், எத்தனை ஆண்டாக வாழ்கிறார் என்பவற்றை இந்த விதி பார்ப்பதில்லை. மற்ற ஊர்களில் இது ஒரு சிறு குறிப்பாகக் கடந்து போகலாம். வவுனியாவிலும் மன்னாரிலும் அப்படிக் கடக்க முடியாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போய், மண்டபம் முகாமிலோ வேறு முகாம்களிலோ பிள்ளை பெற்று, பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அந்தப் பிள்ளைகள் இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் பதியப்பட்டு, இங்கேயே படித்து, இங்கேயே வாக்களிப்பவர்கள். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இந்தியாவில் பிறந்தவர்கள். ஆகவே விலக்கப்பட்ட நாட்டவர்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை பறித்து வாழ்ந்தவர்களுள், குழந்தையாகவே கப்பலேறியவர்கள் பலர். அவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. ஆனால் பிறந்தது அட்டனிலோ நுவரெலியாவிலோ. அவர்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். குவைத்திலோ சிங்கப்பூரிலோ பெற்றோர் வேலை செய்த காலத்தில் பிறந்து, இன்று சென்னையில் வாழும் இந்தியப் பிரஜைக்கும் இது பொருந்தும். அவர் குவைத்துக்காரராகவோ சிங்கப்பூர்க்காரராகவோ எண்ணப்படுவார். வாழ்நாள் முழுவதும் இலங்கையில் கழித்த முகாம் பிள்ளைக்கு வழியில்லை, மூன்று வயதில் இலங்கையை விட்டுப் போனவருக்கு வழியுண்டு என்பது நியாயமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் விடை சொன்னதில்லை. தாய் எந்த ஊரில் பிரசவித்தாள் என்பதை வைத்துப் பிள்ளையைத் தரம் பிரிக்கிற விதியை நியாயப்படுத்துவது என் வேலையும் அன்று.

விதிக்குள்ளேயே இரண்டு சிறு வாசல்கள் உண்டு. முதலாவது பெற்றோர் வழி. விலக்கப்பட்ட நாட்டில் ஒருவர் பிறந்திருந்தாலும், அவர் பிறந்தபோது தாய், தந்தை இருவரும் அந்த நாட்டில் பிறந்தவர்களாகவோ அங்கே வதிபவர்களாகவோ இல்லாவிட்டால், பெற்றோரில் ஒருவர் பிறந்த நாட்டைத் தன் நாடாகக் காட்டலாம். ‘வதிதல்’ என்ற சொல்லில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. தற்காலிகமாகப் போனவர், படிக்கப் போனவர், வேலை நிமித்தம் அனுப்பப்பட்டவர் போன்றோர் வதிபவர்களாகப் பொதுவாக எண்ணப்படுவதில்லை என்று விளக்கம் சொல்கிறது. அகதி முகாமில் எட்டு ஆண்டு இருந்தவரைப் பற்றி அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அதைத் தீர்மானிக்கப் போகிறவர் நேர்முகத்தில் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அதிகாரி. அந்தத் தீர்மானமும் விண்ணப்பிக்கும் நாளில் அன்றி, ஒன்றரை ஆண்டு கழித்து, பணமும் நம்பிக்கையும் செலவான பிறகே வரும்.

இரண்டாவது வாசல் வாழ்க்கைத்துணை வழி. கணவரோ மனைவியோ தகுதியான நாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டை மற்றவர் தனக்காகக் காட்டலாம். ஆனால் இருவர் பெயரும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும், இருவருக்கும் வீசா கிடைக்க வேண்டும், அமெரிக்காவுக்குள் ஒன்றாக நுழைய வேண்டும். மண்டபத்தில் பிறந்த ஒருவர் 2019இல் கடைக்கு வந்தபோது இதை நினைவில் கொண்டு, “மனைவி எங்கை பிறந்தவா?” என்று கேட்டேன். இங்கே வவுனியாவின் செட்டிகுளம் என்றார். அப்படியானால் மனைவியின் பிறந்த நாட்டைக் காட்டி அவரே விண்ணப்பிக்கலாம்தான். ஆயினும் கல்வி பற்றிய விதி குறுக்கே நின்றது. அவர் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். மனைவி உயர்தரம் சித்தியடைந்தவர். கல்வித் தகுதி பிரதான விண்ணப்பதாரருக்கு மட்டுமே வேண்டும். உடன் செல்லும் துணைக்குத் தேவையில்லை. ஆகவே மனைவி பெயரில் விண்ணப்பத்தைப் போட்டு, கணவரைத் துணையாகச் சேர்த்தோம். தலைவன் பெயரில் போடுவதுதான் முறை என்று கடையில் நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார். அமெரிக்கர் தலைவனைத் தேடவில்லை ஐயா, பன்னிரண்டாம் வகுப்பைத் தேடுகிறார்கள் என்றேன்.

உண்மையில் அப்படித்தான். ஆரம்பக் கல்வியும் இடைநிலைக் கல்வியுமாகப் பன்னிரண்டு ஆண்டு முறையான பாடசாலைக் கல்வியை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் சாதாரண தரம் பதினோராம் ஆண்டில் முடிகிறது. உயர்தரம் பதின்மூன்றாம் ஆண்டில். அந்த அளவுகோல் இரண்டுக்கும் நடுவே விழுகிறது. பதினொன்றோடு நின்றவர் ஓராண்டு குறைவாக நிற்கிறார். தபால் வழிப் படிப்பும், பாடசாலைக் கல்விக்கு ஈடாக அமெரிக்காவிலேயே வழங்கப்படும் சமநிலைச் சான்றிதழும்கூட ஏற்கப்படுவதில்லை.

பாடசாலைக் கல்வி இல்லாதவருக்கு மாற்று வழியாகத் தொழில் அனுபவம் உண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள், குறைந்தது இரண்டு ஆண்டுப் பயிற்சியோ அனுபவமோ தேவைப்படும் தொழிலில் இரண்டு ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் மேசன்மாரும் சாரதிமாரும் மகிழ்ந்துவிடுவார்கள். இருபது ஆண்டுத் தொழில் அல்லவா கையில் இருக்கிறது. ஆனால் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பயிற்சி என்பதை அமெரிக்கத் தொழில் திணைக்களத்தின் ‘ஓநெட்’ என்ற இணையப் பட்டியலே முடிவு செய்கிறது. அதில் தொழில்கள் ஐந்து வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நான்காம், ஐந்தாம் வலயத் தொழில்கள் மட்டுமே தகுதி பெறும். கணக்காளர், பொறியியலாளர் போன்ற தொழில்கள் அங்கே இருக்கின்றன. அவற்றைச் செய்கிறவரிடம் பெரும்பாலும் பாடசாலைச் சான்றிதழும் இருக்கும். படிப்பில்லாதவருக்காகத் திறந்த வழி, படித்தவர்களின் தொழில்களுக்கே இட்டுச் செல்கிறது. இந்த விதிகள் அத்தனையிலும் எனக்கு மிகவும் எரிச்சல் தந்தது இதுதான்.

விண்ணப்பப் படிவம் இவை எதையும் சரிபார்ப்பதில்லை. அதிஉயர் கல்வித் தகைமை என்ன என்று கேட்டு, நாம் தெரிவு செய்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அதன் பசப்பே அதுதான். தகுதியில்லாதவரும் விண்ணப்பிக்கலாம், அவருக்கும் விழலாம். அதன் பின்னரே ஒரு ஆவணம் விடாமல் கேட்பார்கள். பிள்ளைகள் விடயத்திலும் இதே கதை. இருபத்தொரு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகள் அனைவரையும் எழுத வேண்டும்: முதல் தாரத்துப் பிள்ளை, துணைவரின் பிள்ளை, தத்துப் பிள்ளை, தன்னோடு வாழாத பிள்ளை, கூட வரப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளையும்கூட. அமெரிக்கப் பிரஜைகளாகவோ அங்கே நிரந்தர வதிவுரிமை பெற்றோராகவோ உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமே விலக்கு. “அது தாயோடை இருக்குது, அதை ஏன் எழுதுவான்?” என்ற கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. விண்ணப்பத்துக்குப் பிறகு நடந்த கலியாணமும் பிறந்த பிள்ளையும் பிறகு சேர்க்கப்படலாம். முன்பே இருந்ததை மறைத்தால்தான் எல்லாம் போகும். அந்த இளைஞருக்கு நடந்தது நினைவிருப்பதால், இப்போது நான் கலியாணம் முடிந்ததா என்று கேட்பதில்லை, “எங்கையாவது கையெழுத்து வைச்சனீங்களோ?” என்றே கேட்கிறேன்.

படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 600க்கு 600 பிக்ஸெல் சதுரம், 240 கிலோபைட்டுக்கு மேற்படாத அளவு, வெள்ளை அல்லது வெள்ளையை ஒட்டிய பின்னணி, மூக்குக் கண்ணாடி கூடாது, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். போன ஆண்டுப் படத்தையே மறுபடி போடக் கூடாது. ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்தான். இரண்டு போட்டால் இரண்டும் போகும். கணவரும் மனைவியும் தனித்தனியே தகுதியுள்ளவர்களானால் ஆளுக்கொன்று போடலாம்; ஒவ்வொன்றிலும் மற்றவரைத் துணையாகக் காட்ட வேண்டும். இதை அறியாமல் வாய்ப்பைப் பாதியாக்கிக் கொள்பவர்களே அதிகம். விண்ணப்பம் சென்றதும் திரையில் வரும் உறுதிப்படுத்தல் இலக்கத்தை அச்செடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். முடிவைப் பார்க்க அந்த இலக்கம் வேண்டும். விழுந்தது என்று மின்னஞ்சலில் வாழ்த்துச் சொல்லிப் பணம் கேட்பவன் கள்ளன். என் மைத்துனர் இலக்கங்களையெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். மே மாதம் பிறந்தால் அந்தக் கொப்பியின் மதிப்பே தனி.

விழுவது வீசா கிடைப்பதாகாது என்பதை விளங்கப்படுத்துவதுதான் எப்போதும் கடினமாக இருந்தது. 2025ஆம் நிதியாண்டுக் குலுக்கலுக்கு ஏறக்குறைய 2 கோடி விண்ணப்பங்கள் சென்றன. குடும்பத்தினரையும் சேர்த்து ஏறக்குறைய 1,31,000 பேர் தெரிவானார்கள். இருக்கிற வீசாக்களைப் போல் இருமடங்குக்கும் மேல். பலர் தொடராமல் விடுவார்கள், பலர் தகுதி இழப்பார்கள் என்ற கணக்கில் அப்படி எடுக்கிறார்கள். தெரிவானவருக்கு ஆசியாவைக் குறிக்கும் எழுத்துகளோடு வரும் வரிசை எண் சிறியதாயின் நேர்முகம் நேரத்தோடு வரும். பெரியதாயின் வராமலே போகலாம். நிதியாண்டு முடியும் செப்டெம்பர் 30ஆம் திகதி நள்ளிரவோடு எல்லாம் காலாவதியாகும். அடுத்த ஆண்டுக்கு எதையும் கொண்டுபோக முடியாது. நேர்முகத்துக்கு ஆளுக்கு 330 டொலர், மருத்துவச் சோதனைக்கு வேறாக. மறுக்கப்பட்டால் அது திரும்பாது.

குலுக்கலே பிழைத்துப்போன ஆண்டும் உண்டு. 2011 மே மாதத்தில் ஏறக்குறைய 22,000 பேர் தாங்கள் தெரிவானதாக இணையத்தில் பார்த்த பிறகு, கணினிப் பிழையால் தெரிவானவர்களுள் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் முதல் இரண்டு நாள்களில் விண்ணப்பித்தவர்களாகவே அமைந்துவிட்டனர் என்று சொல்லி, அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் முடிவுகளை இரத்துச் செய்தது. எல்லோருக்கும் சமவாய்ப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அது நடக்கவில்லை என்பது காரணம். மறுகுலுக்கல் நடந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் வெல்லவில்லை. தம் கையில் இல்லாத பிழைக்காக அத்தனை பேரின் தெரிவை இரத்துச் செய்தது சட்டப்படி சரிதான். அன்று தெரிவாகி வீட்டில் இனிப்புக் கொடுத்த ஒருவரிடம் அதைச் சொல்லிப் பார்க்க எனக்குத் துணிவு வராது.

2025 ஒக்டோபரில் விண்ணப்பக் காலம் வழக்கம்போலத் திறக்கவில்லை. இதுவரை இலவசமாக இருந்த விண்ணப்பத்துக்கு ஒரு டொலர் கட்டணம் என்ற விதி 2025 செப்டெம்பரில் வெளியானது. அதை நடைமுறைப்படுத்தத்தான் தாமதம் என்று எண்ணிக்கொண்டோம். டிசெம்பரில், ஜனாதிபதி ட்ரம்ப்பின் பணிப்பின் பேரில் திட்டம் இடைநிறுத்தப்படுகிறது என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களச் செயலாளர் கிறிஸ்டி நோம் அறிவித்தார். மண்டபத்தில் பிறந்தவரும் அவருடைய மனைவியும் அதற்கு முன்பே, ஒக்டோபர் முதல் வாரத்தில், பிள்ளைகள் இருவரோடும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாகப் படம் எடுத்து ஒரு பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார்கள். ஆறு ஆண்டாக விழாதது இந்த ஆண்டாவது விழும் என்று மனைவிக்கு ஒரு நம்பிக்கை. இன்னும் திறக்கவில்லை என்றேன். “அப்ப படம் இருக்கட்டும் அண்ணை, திறந்தோடனை போடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். பென் டிரைவ் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. அந்தப் படங்களின் ஆறு மாதம் மார்ச்சோடு முடியும்.